நோட்டு ஒன்றுதான் இருக்க வேண்டும்

கேள்வி: அப்பாவின் மளிகைக் கடைக்காக ஃப்ளட்டரில் ஒரு செயலி எழுதி வருகிறேன். கீழே மூன்று டேப்கள்: பில், பற்று, சரக்கு. பில் டேப்பில் ஒருவர் பெயரில் 350 ரூபாய் கடன் எழுதினால், பற்று டேப்பில் பழைய பாக்கியே நிற்கிறது. செயலியை மூடித் திறந்தால்தான் புதுத் தொகை வருகிறது. டேப்களை இன்டெக்ஸ்டுஸ்டாக்கில் வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். எடுத்துவிடலாமா?

– கணினி அறிவியல் மாணவி

பதில்: எடுக்க வேண்டாம். எடுத்தால் தொகை மாறும், உண்மைதான். ஆனால் டேப் மாறும் ஒவ்வொரு முறையும் திரை கலைந்து, திரும்பி வரும்போது புதிதாக உருவாகும். பாதி தட்டிய பில்லை விட்டுவிட்டுப் பாக்கி பார்க்கப் போன உங்கள் அப்பா, திரும்பி வந்தால் பில் காலியாக இருக்கும். எதிரே ஆள் காத்திருக்கும்போது அது பெரிய தொல்லை.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். இன்டெக்ஸ்டுஸ்டாக் எல்லாத் திரைகளையும் உயிரோடு வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் காட்டுகிறது. பாக்கித் தொகையை நீங்கள் இனிட்ஸ்டேட்டில் படித்திருப்பீர்கள். ஒரு திரையின் ஆயுளில் இனிட்ஸ்டேட் ஒரே முறைதான் ஓடும். டேப் மாறி வந்தாலும் மறுபடி ஓடாது. பில் டேப்பில் செட்ஸ்டேட் போட்டாலும் அந்தத் திரைதான் திருத்தி வரையப்படும். பக்கத்து டேப்புக்குச் சேதி போகாது.

ஐஓஎஸ்ஸிலும் இதே கதைதான். வியூடிட்லோட் ஒரு முறை ஓடும். வியூவில்அப்பியர் திரை கண்ணுக்கு வரும்போதெல்லாம் ஓடும். பலரும் இரண்டாவதில் தரவை மறுபடி படித்து வேலையை முடித்துவிடுகிறார்கள். அது தற்காலிக வைத்தியம். நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

கடையில் பற்று நோட்டு எத்தனை? ஒன்றுதான். கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று என்று வைத்தால் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். உங்கள் செயலியில் ஒவ்வொரு டேப்பும் தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறது. நோட்டை டேப்களுக்கு வெளியே கொண்டுவாருங்கள். டேப்கள் அதைப் பார்த்துப் படிக்கட்டும்.

செய்முறை இதுதான். சேஞ்ச்நோட்டிஃபையரிலிருந்து ‘பற்றுநோட்டு’ என்றொரு கிளாஸ் எழுதுங்கள். எல்லாருடைய பாக்கியும் அதற்குள்ளேயே இருக்கட்டும். கடன் எழுதும் ஃபங்ஷனும் அதிலேயே இருக்கட்டும். அந்த ஃபங்ஷன் முதலில் தரவுத்தளத்தில் எழுத வேண்டும். எழுதி முடிந்ததும் தன்னிடமுள்ள தொகையை மாற்ற வேண்டும். கடைசியில் நோட்டிஃபைலிஸனர்ஸை அழைக்க வேண்டும். வரிசை மாறினால், எழுத முடியாமல் போன கடனும் திரையில் தெரியும்.

புரொவைடர் பேக்கேஜ் பயன்படுத்தினால், டேப்கள் எல்லாவற்றுக்கும் மேலே சேஞ்ச்நோட்டிஃபையர்புரொவைடரை வையுங்கள். பற்று டேப் வாட்ச் மூலம் படிக்கட்டும். பில் டேப்பின் பொத்தான் ரீட் மூலம் எழுதட்டும். பேக்கேஜ் வேண்டாம் என்றால், 2023-இல் வந்த ஃப்ளட்டர் 3.10 முதல் லிஸனபிள்பில்டர் ஃப்ளட்டருடனேயே வருகிறது, அதுவே போதும். சேதி கிடைத்ததும் மறைந்திருக்கும் டேப்பும் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

புதிதாக எழுதுபவர்கள் மூன்று இடங்களில் சறுக்குவார்கள். ஒன்று, ஒவ்வொரு டேப்பிலும் பற்றுநோட்டைப் புதிதாக உருவாக்குவது. அப்போது பெயர்தான் ஒன்று, நோட்டு இரண்டு. இரண்டு, கடனைப் பட்டியலில் சேர்த்துவிட்டு நோட்டிஃபைலிஸனர்ஸை மறப்பது. மூன்று, பில்டுக்குள் வாட்ச் போட வேண்டிய இடத்தில் ரீட் போடுவது. ரீட் ஒரு முறை படித்துக்கொடுக்கும், பிறகு வரும் மாற்றங்களைக் கவனிக்காது.

நாளைக்கு அப்பாவிடம் ஒரு போன், கடைப் பையனிடம் ஒரு போன் என்று வந்தால், மூல நோட்டு சர்வருக்குப் போய்விடும். அப்போதும் டேப்கள் நேரடியாகச் சர்வரைக் கேட்கக் கூடாது. பற்றுநோட்டுதான் கேட்க வேண்டும். எப்போதெல்லாம்? செயலி பின்னணியிலிருந்து முன்னுக்கு வரும்போது. பட்டியலைக் கீழே இழுத்துவிடும்போது, அதற்கு ரெஃப்ரெஷ்இண்டிகேட்டர் இருக்கிறது. டேப்புக்கு வரும்போது, கடைசியாகப் படித்த நேரத்தைப் பார்த்து, தரவு பழசாகியிருந்தால் மட்டும். டேப் தொட்டதற்கெல்லாம் சர்வரைக் கேட்டால் நெட் மெதுவாக உள்ள இடத்தில் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். புதுத் தொகை வரும்வரை பழைய தொகையைக் காட்டிக்கொண்டிருங்கள்; வெற்றுத் திரையைக் காட்டாதீர்கள்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். பாக்கித் தொகையைத் தாங்கும் மாறிகள் உங்கள் கோடில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்குங்கள். கடன் கணக்கில் ஒரு ரூபாய் தவறாகத் தெரிந்தாலும் கடைக்காரர்மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.