உலை வைக்கும்போதே அளவு வையுங்கள்: மிகையாக உண்ணாமலிருக்க எட்டுப் பழக்கங்கள்

மானாம்பதி சுற்றுவட்டாரத்தில் சாப்பாடு என்றால் தட்டு நிறையச் சோறு இருக்க வேண்டும். நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, நெல் தூற்றிய உடம்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. இன்று அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. கழனிக்கு வண்டியில் போகிறோம். பிள்ளைகள் கம்பெனிப் பேருந்தேறி ஒரகடத்துக்கும் செய்யாறு சிப்காட்டுக்கும் வேலைக்குப் போகிறார்கள். உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது, தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் உணவின் அளவு நம் கையில் இருப்பது.

பசியோடு தட்டின் முன் உட்கார்ந்த பிறகு மனதை அடக்குவது கடினம். அளவை அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. அரிசியை அளந்து போடுங்கள்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 250 கிராம் போதும் என்கிறது. காலை இட்லியும் இரவுச் சாப்பாடும் இதில் அடக்கம். ஆகவே மதியத்துக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்ளலாம். மளிகைக் கடையில் 100 கிராம் நிறுத்து வாங்கி, வீட்டு டம்ளரில் கொட்டி, அது நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். இனி அதுவே உங்கள் வீட்டு அளவு. வடித்தால் 250 முதல் 300 கிராம் சோறு கிடைக்கும். நாளெல்லாம் கழனியில் வேலை செய்பவருக்கு மட்டும் கூட்டிப் போடுங்கள்.

2. காயை முதலில் சாப்பிடுங்கள்

அதே வழிகாட்டி கீரையும் காயுமாக 400 கிராமும், பருப்பு, முட்டை, இறைச்சி வகையில் 85 கிராமும் சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் பொரியல் இரண்டு கரண்டியோடு முடிந்துவிடுகிறது. சோற்றைக் குறைத்த இடத்தில் முருங்கைக்கீரை, கத்திரிக்காய், சுரைக்காய்க் கூட்டு என்று நிரப்புங்கள். தட்டில் பாதி இவையே இருக்கட்டும். இவற்றைத் தின்ற பிறகு சோற்றுக்குப் போனால் நார்ச்சத்து வயிற்றை நிறைக்கும்; இரத்தத்தில் சர்க்கரையும் மெல்ல ஏறும்.

3. மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றுங்கள்

சோற்றுப்பானை பக்கத்திலேயே இருந்தால் கை தானாகப் போகும். எல்லாருக்கும் போட்டதும் பானையை உள்ளே வைத்துவிடுங்கள். இரவில் மிஞ்சியதில் உடனே தண்ணீர் ஊற்றிவிட்டால் அது காலைப் பழைய சோறு. வீணாகிறதே என்று கடைசிப் பிடியையும் தானே சாப்பிட்டுவிடும் அம்மாக்களுக்கு இது பெரிய உதவி. காலையில் அதைச் சாப்பிடும்போது அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. இருபது நிமிடம் கொடுங்கள்

வயிறு நிறைந்த செய்தி மூளைக்குச் சென்று சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டால், போதும் என்று தோன்றுவதற்குள் அளவு கடந்துவிடும். நன்றாக மென்று, ஒரு கவளம் உள்ளே போன பிறகு அடுத்ததைப் பிசையுங்கள். இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்று தோன்றும்போதே கை கழுவுங்கள். அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு வெறுமை என்று பெரியவர்கள் சொல்லி வந்ததும் இதைத்தான்.

5. டிவியையும் போனையும் நிறுத்துங்கள்

சீரியல் பார்த்துக்கொண்டு சாப்பிடுபவருக்கு எத்தனை கரண்டி போட்டார்கள் என்பதே நினைவிருக்காது. அந்த இருபது நிமிடம் மட்டும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டு சாப்பிடுங்கள்.

6. சாயங்காலப் பசியைச் சமாளியுங்கள்

நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும், பிறகு பாக்கெட் மிக்சர். இங்கேதான் கணக்கு தவறுகிறது. அவித்த வேர்க்கடலை, சுண்டல், மோர் ஆகியவை இரவு வரை தாங்கும். மிக்சர்தான் வேண்டுமென்றால் சின்னக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு பாக்கெட்டைக் கட்டி வையுங்கள். சர்க்கரை நாளுக்கு 25 முதல் 30 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் நாலு டீயிலேயே அது தாண்டிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி ஏதாவது தின்னத் தோன்றினால், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏரிக்கரை வரை நடந்து வாருங்கள். பசி என்றால் திரும்பி வந்தபோதும் இருக்கும். சலிப்பு என்றால் போயிருக்கும்.

7. வேளை தவறாதீர்கள், தூக்கம் கெடுக்காதீர்கள்

காலைச் சாப்பாட்டை விட்டவர்கள் பலர் இரவில் இரண்டு பங்கு சாப்பிடுகிறார்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. நைட் ஷிஃப்ட் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்து, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டையே சாப்பிடுவது நல்லது. பகலில் அறையை இருட்டாக்கித் தொடர்ந்து ஏழு மணி நேரமாவது தூங்க முயலுங்கள்.

8. பந்தியிலும் உறவினர் வீட்டிலும்

கல்யாணத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போங்கள். இலையில் கூட்டு, பொரியலில் தொடங்குங்கள். போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டுங்கள், பரிமாறுபவர் புரிந்துகொள்வார். உறவினர் வீட்டில் அத்தை வற்புறுத்தினால், "குழம்பு ரொம்ப நல்லா இருந்தது அத்தை, சோறு போதும், இன்னும் கொஞ்சம் பொரியல் வையுங்க" என்று சொல்லுங்கள். அவர் மனமும் நிறையும்.

யார் குறைக்கக் கூடாது?

வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் இந்த அளவுகளைப் பின்பற்ற வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைத்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்த முடியாமல் சாப்பிடுவதும் பிறகு வருந்துவதும் அடிக்கடி நடந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயங்காமல் சொல்லுங்கள், அல்லது 104 எண்ணை அழையுங்கள்.

எட்டையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் அரிசி அளப்பதை மட்டும் செய்யுங்கள். அது பழகியதும் காயைக் கூட்டுங்கள், பிறகு மற்றவை. சமைப்பவர் ஒருவர் மட்டும் பாடுபட்டால் இது நிலைக்காது. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி, டம்ளரில் கோட்டைச் சேர்ந்தே போடுங்கள்.