மூன்று மாதத் தொண்டை வலி

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 42. மூன்று மாதமாகத் தொண்டை வலி. காய்ச்சல் இல்லை. காலையில் எழுந்ததும் கரகரவென்று இருக்கிறது. எச்சில் விழுங்கினால் உறுத்துகிறது. நாள் முழுக்கச் செருமிக்கொண்டே இருக்கிறேன். மூன்று தடவை அஜித்ரோமைசின் சாப்பிட்டாயிற்று. இரண்டு நாள் தேவலை, பிறகு பழையபடிதான். டியூஷனெல்லாம் முடிந்து இரவு பத்தரைக்குத்தான் சாப்பாடு. டான்சிலை எடுத்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில். எடுக்கலாமா, டாக்டர்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டான்சில் இருக்கட்டும், முதலில் நான்காவது தடவை அஜித்ரோமைசின் வாங்காதீர்கள். வைரஸால் வரும் தொண்டை வலி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே அடங்கிவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா என்றால் திடீர்க் காய்ச்சல், கழுத்தில் நெறி, டான்சிலில் வெள்ளைப் படலம் என்று ஆர்ப்பாட்டமாக வரும். அதற்கு ஆன்டிபயாட்டிக் அவசியம். குறிப்பாகக் குழந்தைகளுக்கு அரைகுறையாக விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். காய்ச்சலே இல்லாமல் மூன்று மாதம் இழுப்பது அந்த ஜாதி இல்லை. அந்த 'இரண்டு நாள் தேவலை' கூட, சேர்த்துக் கொடுத்த வலி மாத்திரையின் வேலையாக இருக்கலாம்.

எனக்குச் சந்தேகம் உங்கள் பத்தரை மணிச் சாப்பாட்டின் மேல்தான். சாப்பிட்ட சூட்டோடு படுத்தால் வயிற்று அமிலம் மேலேறும். உணவுக்குழாய் ஓரளவு தாங்கும். தொண்டைச் சவ்வு தாங்காது. நெஞ்செரிச்சலே இல்லாமல் தொண்டை மட்டும் புண்ணாகிறவர்கள் நிறைய. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். முடியாதென்றால் டியூஷனுக்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டு, இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து அரையடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமுங்கும், பலன் இல்லை. காபியைக் குறையுங்கள். படுக்கும்போது மிளகுப் பால் குடிக்கும் வழக்கமிருந்தால் அதையும்தான்.

மூக்கடைப்போ தும்மலோ உண்டா? எழுதவில்லையே! ஒவ்வாமையால் சளி பின்வழியே தொண்டையில் இறங்கினாலும், இரவில் வாயால் மூச்சு விட்டாலும் காலையில் இப்படித்தான் இருக்கும். செருமுவதும் குரல்நாண்களை அடித்துப் புண்ணாக்கும். செருமத் தோன்றும்போதெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். வகுப்பில் சின்ன மைக் வைத்துக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும், நோயைத் தீர்க்காது.

டான்சிலை எடுப்பது, காய்ச்சலோடு ஆண்டுக்கு ஏழெட்டுத் தடவை வீங்குகிறவர்களுக்கு. உங்களுக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டாம்.

ஆனால் மூன்று மாதம் ஆகிவிட்டதால், காது மூக்கு தொண்டை மருத்துவரை ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார். ஒரே பக்க வலி காதுக்குப் பாய்வது, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்முவது, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, எச்சிலில் ரத்தம், எடை குறைவது - இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் சீக்கிரம். போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவரானால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.