முதுமைக்குச் சேர்ப்பதும் மிகுபொருளோ?

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. அவ்வாறாயின், முதுமைக்கெனப் பணம் சேர்ப்பது நோன்புக்கு மாறாகாதோ என்று அன்பர் சிலர் வினவுவர். ஆகாது. பொருளே வேண்டா என்பது துறவியர் நெறி. தேவைக்கு அளவு வகுத்து, அவ்வளவில் நிற்றலே இல்லறத்தார் நெறி. முதுமைத் தேவையைக் கணக்கிடாதவரே ஒன்று அச்சத்தால் அளவின்றிச் சேர்ப்பர். அன்றிப் பிள்ளைகளுக்குச் சுமையாவர்.

தாம்பரத்தில் விமானப்படையிலும் இரயில்வேயிலும் பணியாற்றி, ஓய்வூதியம் பெற்று வாழ்வோர் பலர். அவர்தம் அண்டை வீட்டிலேயே மளிகைக்கடை, தையற்கடை, அச்சகம் நடத்துவோர்க்கு அத்தகைய ஏற்பாடு தானாக அமைவதில்லை. அவர்கள் எண்ணத்தக்க வழிகள் மூன்று.

முதலாவது, 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 40 வயது வரையுள்ளோர் சேரலாம். 2022 அக்டோபர் முதல் வருமான வரி செலுத்துவோர் புதிதாகச் சேர இயலாது. 30 வயதில் சேர்ந்து மாதம் 577 ரூபாய் செலுத்துபவர்க்கு 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் உறுதி. அவருக்குப்பின் வாழ்க்கைத் துணைக்கும் அத்தொகை தொடரும். ஆயினும் விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமாயின், 30 ஆண்டுகளுக்குப்பின் அந்த 5,000 ரூபாய் இன்றைய 870 ரூபாய்க்கு வாங்கும் பொருளையே வாங்கும். எனவே இது அடித்தளமாகுமேயன்றி முழு வீடாகாது.

இரண்டாவது, 1968 முதல் நடைபெறும் பொது வருங்கால வைப்பு நிதி. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை இலட்சம் வரை செலுத்தலாம். வருவாய் ஒரு மாதம் மிகுந்தும் ஒரு மாதம் குறைந்தும் வரும் வணிகர்க்கு இது பொருந்தும். தொழிலில் கடன்பட்டு வழக்கு நேரினும், கடன்காரர் பொருட்டு நீதிமன்றம் இத்தொகையைப் பற்ற இயலாது. ஆனால் 15 ஆண்டு முடிவில் கிடைப்பது மொத்தத் தொகை; மாத ஊதியம் அன்று.

மூன்றாவது, 2009 மே முதல் குடிமக்கள் அனைவர்க்கும் திறக்கப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டம். சேர்ந்த தொகையில் ஒரு பங்கைக் கொண்டு ஆயுட்கால ஓய்வூதியம் வாங்குதல் இதன் பொது விதி. வரவு சந்தையைச் சார்ந்தது, உறுதித்தொகை இல்லை.

இங்கேதான் நம்மவர்க்குத் தனிக் கடமை உண்டு. குரோம்பேட்டை என்னும் பெயரே ஒரு தோல் தொழிற்சாலையால் வந்தது. அத்தொழிலில் நேரே பங்கு கொள்ளத் தயங்கும் நாம், நம் சேமிப்பு எங்கே செல்கிறது என்று கேட்கிறோமா? பங்குப் பிரிவில் இடும் பணம் பல நிறுவனங்களுக்குப் பகிரப்படும். அவற்றுள் நமக்கு ஒவ்வாத ஒன்றை மட்டும் உறுப்பினர் விலக்க இயலாது. ஆயினும், பங்கீட்டைத் தாமே தெரிவு செய்யும் முறையில் முழுத்தொகையையும் அரசுக் கடன்பத்திரங்களில் இட வழியுண்டு. நீண்டகால வளர்ச்சி குறையக்கூடும். அக்குறை கொல்லாமை நோன்பின் விலை என்று கொள்க.

வரி செலுத்தாத இளைஞர் முதல் இரண்டையும், வரி செலுத்துவோர் பின் இரண்டையும் இணைத்துக் கொள்வது தகும். சேரும் நாளில் நடப்பு விதிகளை வங்கியிலோ அஞ்சலகத்திலோ கேட்டறிக. நியமனதாரர் பெயரைத் தவறாது பதிக. இவ்வளவு போதும் என்று குடும்பத்தார் கூடி ஓர் எல்லையை எழுதி வைப்பின், அவ்வெல்லைக்கு மேற்பட்டது தானத்துக்கு உரியதாகும்.