தலை அரிப்பு: காரணத்தை அறிந்து கவனிப்போம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தபோதும், நமது குடும்பங்கள் பாடசாலை போன்ற பொது இடங்களில் நெருங்கிப் படுக்க வேண்டி வந்தது. வீடும் தோட்டமும் போன நேரத்தில் தலை அரிப்பைப் பற்றி யார் நினைப்பார்? ஆனால் தண்ணீர் குறைந்து, தலையணையும் சீப்பும் பொதுவாகிவிட்ட இடத்தில் தோல் நோய்கள் எளிதில் பரவும். இரவெல்லாம் சொறியும் பிள்ளை தூங்குவதில்லை; அடுத்த நாள் படிப்பதுமில்லை. ஆகவே இந்தப் பாடத்தில் அரிப்பின் காரணங்களையும் கவனிக்கும் முறையையும் பார்ப்போம்.

முதலில் தலையைப் பாருங்கள்

அரிப்பு ஒன்றுதான், காரணங்கள் பல. பகல் வெளிச்சத்தில் முடியை வகிடு பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

1. வறட்சி: மெல்லிய வெள்ளைத் தூள் உதிரும், தோல் இழுப்பது போலிருக்கும். தென்மேல் பருவக்காற்று மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. தேயிலைக்கு மணம் தரும் அதே காற்று நமது தோலை உலர்த்துகிறது. உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத்தால் தலை கழுவினால் வறட்சி இன்னும் கூடும்.

2. பொடுகு: செதில் சற்று மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். புருவத்திலும் காதின் பின்னும்கூட வரும். எல்லோருடைய தோலிலும் வாழும் ஒரு நுண்ணிய பூஞ்சணமே இதற்குக் காரணம். குளிரும் மனக்கவலையும் இதைக் கூட்டும். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

3. பேன்: காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் ஈர் முடியோடு ஒட்டியிருக்கும். பொடுகு தட்டினால் உதிரும், ஈர் உதிராது. பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்லும். சுத்தமான தலையிலும் பேன் வரும்.

4. படர்தாமரை: பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும். வட்டமாக முடி உதிர்ந்து, அடியில் ஒடிந்த முடிகள் தெரியும். இதற்கு வெளியில் பூசும் களிம்பு மட்டும் போதாது. பல வாரங்கள் விழுங்கும் மருந்து தேவை. அதை வைத்தியரே தரவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

வறட்சிக்கு: தலை முழுகுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் சிறிது தேங்காய் எண்ணெயை விரல் நுனியால் தேயுங்கள். வெந்நீர் வேண்டாம், இளஞ்சூடு போதும். தண்ணீர் குறைவென்றால் ஷாம்புவை ஒரு கோப்பை நீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரை குறைவதால் அலசவும் குறைந்த நீரே போதும். ஈரத் தலையைக் கட்டி வைக்காமல் உலர விடுங்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்துமிடத்தில் வைக்கும் துணியை அடிக்கடி துவைத்து வெயிலில் போடுங்கள்.

பொடுகுக்கு: எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிட வேண்டாம். அந்தப் பூஞ்சணத்துக்கு எண்ணெயே உணவு. கீட்டோகொனசோல் 2 வீதம் கலந்த ஷாம்புவை வாரத்துக்கு இரு முறை தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலசுங்கள். 2 முதல் 4 வாரங்களில் குணம் தெரியும். பொடுகு திரும்பி வரக்கூடியது. வந்தால் மீண்டும் அதே முறையைக் கையாளலாம்.

பேனுக்கு: காசில்லாத முறை ஒன்று உண்டு. ஈரத் தலையில் எண்ணெய் தடவி, பேன் சீப்பால் அடியிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரம் தொடர வேண்டும். ஈர் பொரிக்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் ஒரு நாள் வாரினால் போதாது. பெர்மெத்ரின் 1 வீத மருந்து என்றால் 10 நிமிடம் வைத்துக் கழுவி, ஒன்பதாம் நாள் மீண்டும் போட வேண்டும். ஒரே இடத்தில் தூங்கும் எல்லோருடைய தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பேன் உள்ள எல்லோருக்கும் அன்றே மருந்து போடுங்கள். பிள்ளையை மொட்டையடிக்கத் தேவையில்லை.

ஒருபோதும் செய்யக்கூடாதவை

மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தலையில் பூசாதீர்கள். தலைத் தோல் நஞ்சை எளிதில் உறிஞ்சும்; சிறு பிள்ளையின் உயிரே போகலாம். போத்தலில் பெர்மெத்ரின் என்ற பெயர் இருந்தாலும் வயல் மருந்து வேறு, தலை மருந்து வேறு. மண்ணெண்ணெயும் தோலைப் புண்ணாக்கும், அடுப்பருகே தீப்பிடிக்கும்.

தவறி யாராவது பூச்சிமருந்து பூசியிருந்தால், உடனே உடுப்பைக் களைந்து, சவர்க்காரமும் நிறைய நீரும் கொண்டு கழுவுங்கள். வாயில் எச்சில் வடிதல், வாந்தி, மூச்சுத் திணறல் வரும்வரை காத்திராமல், மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

தலையில் சீழ், பொருக்கு, வீக்கம், காய்ச்சல் அல்லது பிடரியில் நெறிகட்டு இருந்தால் தாமதிக்க வேண்டாம். சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்தால், சில வாரங்களின் பின் பிள்ளையின் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். முகம் வீங்குவதும் சிறுநீர் கறுத்துக் குறைவதும் அதன் அடையாளங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிடுவது இதற்கு நல்ல தடுப்பாகும்.

இரவில் விரலிடுக்கிலும் அரிப்பு இருந்தால் அது சொறி சிரங்காக இருக்கலாம். தடித்த வெள்ளிச் செதில் படிந்தால் அது வேறு தோல் நோயாக இருக்கலாம். தோட்ட மருந்தகத்திலோ மருத்துவ மாதுவிடமோ காட்டுங்கள். தேவையானால் பதுளை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

ஒருவரையும் ஒதுக்க வேண்டாம்

மற்றவர்கள் விலகி நின்ற குஷ்டரோகியை நமது ஆண்டவர் கைநீட்டித் தொட்டார். பேன் உள்ள பிள்ளையைப் பாயிலிருந்து தள்ளி வைத்தால், அது அடுத்த முறை அரிப்பை மறைத்து வைக்கும். நோய் எல்லோருக்கும் பரவும். ஒரு தாய் இன்னொரு தாயின் பிள்ளைக்குத் தலைவாரி விடுவதும் அயலார் அன்புதான்.

குழுவாகக் கலந்துரையாட

1. நாம் தங்கியுள்ள இடத்தில் சீப்பு, துவாய், தலையணை ஆகியவற்றை எத்தனை பேர் பொதுவாகப் பாவிக்கிறோம்? இதை எப்படிக் குறைக்கலாம்?
2. பூச்சிமருந்துப் போத்தல்கள் பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வைக்கப்பட்டுள்ளனவா?
3. வாரத்தில் ஒரு நாளை எல்லோரும் சேர்ந்து தலை பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ள முடியுமா? யார் முன்னின்று நடத்துவார்?