மலசலகூடத்தில் தண்ணீர் இறங்கவில்லையா? முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள்

சொந்தக் காணிக்குத் திரும்பி, பற்றைகளை வெட்டி, கிணற்றை இறைத்து முடித்த பிறகு பல குடும்பங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் கக்கூசுக்குள்ள இறங்குதில்லை. புதுக் குழி வெட்டத்தான் வேணுமோ?"

பல வேளைகளில் வேண்டியதில்லை. அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், அரை நாள் வேலையில் நீங்களே சரிசெய்யலாம். எங்கே என்று தெரியாமல் தண்ணீரை ஊற்றுவதாலும் அலவாங்கால் இடிப்பதாலும்தான் சிறிய பழுது பெரிய செலவாகிறது.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். மலசலகூடம் இயங்காத வீட்டில் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்; அதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறார்கள். இதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. பிள்ளைகள் வெளியே போகிறார்கள். மழை பெய்தால் அந்த அழுக்கு கிணற்றுக்குப் போகிறது. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரியும் பரவுவது இப்படித்தான்.

தொடங்குமுன்

நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த மலசலகூடம் என்றால், மூடியைத் தூக்கவோ மண்ணைக் கிண்டவோ முன்னர், வளவின் அந்தப் பகுதியும் கண்ணிவெடி அகற்றப்பட்ட இடம்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கைவிடப்பட்ட கிணறுகளிலும் குழிகளிலும் வெடிபொருட்கள் இருக்கலாம். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிப் போய் உடனே அறிவியுங்கள்.

எப்படி வேலை செய்கிறது?

எமது கிராமங்களில் கூடுதலாக இருப்பது நீரடைப்பு மலசலகூடம். கோப்பையின் கீழே வளைந்த கழுத்து ஒன்று உண்டு. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் குழியின் மணமும் இலையான்களும் மேலே வராமல் தடுக்கும் கதவு. வளைவிலிருந்து குழாய் குழிக்குப் போகிறது. ஆகவே அடைப்பு வரக்கூடிய இடங்கள் மூன்று: வளைவு, குழாய், குழி.

எந்த இடம் என்று கண்டுபிடிப்பது

ஒரு வாளியில் 2 அல்லது 3 லீற்றர் தண்ணீர் எடுத்து ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள்.

• தண்ணீர் உடனே மேலே ஏறி அப்படியே நின்றால், அடைப்பு பெரும்பாலும் வளைவில்.

• முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு மெல்ல மேலே வந்தால், குழாயில் இருக்கலாம்.

• மெதுவாக இறங்கிக் குமிழி விட்டால், அல்லது குழியைச் சுற்றி மண் ஈரமாகி மணம் வந்தால், குழி நிறைந்திருக்கலாம்.

• மாரியில் மட்டும் இறங்காமல் கோடையில் சரியாக இறங்கினால், நிலத்தடி நீர் உயர்ந்து குழியை நிரப்புகிறது. அது அடைப்பல்ல.

குழாயின் நடுவில் மூடியுள்ள சிறு தொட்டி இருந்தால் திறந்து பாருங்கள். தொட்டி வறண்டிருந்தால் அடைப்பு அதற்கு முன்னால். நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால்.

வளைவில் அடைப்பு என்றால்

1. கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் சொப்பிங் பைகளைக் கையில் இறுகக் கட்டுங்கள். பிள்ளைகளைத் தூரத்தில் வைத்திருங்கள்.

2. கோப்பையில் நிறைந்து நிற்பதைப் பழைய பேணியால் மூடியுள்ள வாளி ஒன்றில் அள்ளி வையுங்கள். வளவில் ஊற்ற வேண்டாம். அடைப்பு நீங்கிய பின் திரும்ப இதற்குள்ளேயே ஊற்றலாம்.

3. பழைய துணியைச் சொப்பிங் பைக்குள் திணித்து, தும்புத்தடியின் நுனியில் பந்துபோல இறுகக் கட்டுங்கள். அது கோப்பையின் வாயை மூடும் அளவில் இருக்கட்டும். கழன்று உள்ளே போகாதபடி கயிற்றால் பல சுற்றுக் கட்டுங்கள்.

4. வாய் மூடும்படி வைத்து, 15 அல்லது 20 தடவை வேகமாக அமுக்கி இழுங்கள். இழுக்கும்போதும் பலம் கொடுங்கள். பல அடைப்புகள் இழுப்பில்தான் கழரும்.

5. அசையாவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டு மறுபடி செய்யுங்கள். கொதிநீர் ஊற்றினால் கோப்பை வெடிக்கும்.

6. துணி, பம்பஸ், சிரட்டைத் துண்டு போன்றவை சிக்கியிருந்தால், கம்பியின் நுனியைக் கொக்கிபோல வளைத்து மேலே இழுத்து எடுங்கள். உள்ளே தள்ள வேண்டாம். தள்ளினால் அது குழாயில் போய் நிற்கும்.

அலவாங்கால் இடிக்கவே வேண்டாம். வளைவு உடைந்துவிட்டால் தண்ணீர் நன்றாக இறங்கும். "சரிவந்திட்டுது" என்று நினைப்போம். ஆனால் கதவு போய்விட்டது. ஊற்றி முடிந்த பிறகு ரோச் லைற் அடித்துப் பாருங்கள். வளைவில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வளைவு உடைந்திருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும்.

குழாயில் அடைப்பு என்றால்

ஓஸ் பைப் அல்லது வளையக்கூடிய பிரம்பை மெதுவாகச் செலுத்தி, முன்னும் பின்னும் அசையுங்கள். பல வருடம் கிடந்த வீடுகளில் மர வேர் பொருத்துகளால் உள்ளே போயிருக்கும், அல்லது மண் இறங்கிக் குழாய் தாழ்ந்திருக்கும். அப்படியானால் அந்தத் துண்டைத் தோண்டி மாற்ற வேண்டும். மாற்றும்போது 10 அடி நீளத்துக்கு 3 தொடக்கம் 4 அங்குலம் சரிவு வையுங்கள். சரிவில்லாத குழாய் மறுபடியும் அடைக்கும்.

குழி நிறைந்திருந்தால்

எக்காரணம் கொண்டும் குழிக்குள் இறங்காதீர்கள். குழியில் நச்சு வாயு உண்டு. அது கூடினால் மணமே தெரியாது. ஒரு சில மூச்சில் ஆள் மயங்கிவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார். ஒருவர் விழுந்துவிட்டால் இறங்காமல் உதவிக்குக் கூப்பிடுங்கள்.

பழைய கொங்கிறீற் மூடி உக்கியிருக்கலாம். அதன் மேல் ஏறி நிற்காதீர்கள். இருவராகச் சேர்ந்து சற்று நகர்த்தி, அரை மணித்தியாலம் விலகி நில்லுங்கள். பீடி, நெருப்புப்பெட்டி, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். பிறகு வெளியே நின்றபடி நீளத் தடியை விட்டுப் பாருங்கள். மூடியிலிருந்து ஒன்றரை அடிக்குள் கழிவு வந்துவிட்டால் குழி நிறைந்துவிட்டது. பார்த்து முடிந்ததும் மூடியை இறுக்கி மூடுங்கள்.

கழிவை அகற்ற பிரதேச சபையின் கழிவு உறிஞ்சும் வண்டிக்கு விண்ணப்பியுங்கள். வாளியால் அள்ளி வயலிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். வண்டி வர முடியாத இடமென்றால் இரண்டாவது குழி வெட்டிக் குழாயைத் திருப்பலாம். பழைய குழியை மூடிக் குறைந்தது 2 வருடம் விட்டால் கழிவு உக்கி மண்ணாகும்.

புதுக் குழியின் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். அனர்த்த நிவாரண வேலைகளில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ 100 அடி இருக்க வேண்டும் என்பது பொது அளவு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் வெடிப்புகளால் அழுக்கு வெகுதூரம் ஓடும். ஆகவே அங்கே கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் கிணற்றை மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவரின் கிணற்றையும் அளந்து பாருங்கள்.

வேலை முடிந்த பிறகு

ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி குளோரின் தூள் கலந்து தரையையும் வாளியையும் தடியையும் கழுவுங்கள். 10 நிமிடம் விட்டுத் தண்ணீரால் அலசுங்கள். குளோரினோடு அசிட்டைக் கலக்க வேண்டாம். நச்சுப் புகை வரும். அசிட், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் குழிக்குள் ஊற்றாதீர்கள். கழிவை உக்கச் செய்யும் கிருமிகள் இறந்துவிடும். கடைசியாகக் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மறுபடி அடைக்காதிருக்க

• சுகாதாரத் துவாய், பம்பஸ், துணி, சொப்பிங் பை எதையும் உள்ளே போட வேண்டாம். மூடியுள்ள வாளி ஒன்றை உள்ளே வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது மிக உதவும்.

• கூரையில் விழும் மழைநீர் குழிப் பக்கம் போகாதபடி சிறு வாய்க்கால் வெட்டுங்கள்.

• காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள்.

வீட்டில் கலந்து பேசுங்கள்

எங்கள் குழி எங்கே இருக்கிறது, கிணறு எத்தனை அடி தூரம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? திருத்தி முடியும்வரை அம்மம்மாவும் பிள்ளைகளும் யாருடைய மலசலகூடத்துக்குப் போவார்கள்? அயல்வீட்டில் கேட்க வெட்கப்பட வேண்டாம். நாளைக்கு அவர்களும் உங்களிடம் கேட்கக்கூடும்.