படப்பையில் தீண்டிய அரவு: சிந்தாமணியிலும் பெரியபுராணத்திலும் நஞ்சு நீக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் காப்பியங்களில் பாம்புக்கடியும் வியத்தகு நஞ்சு நீக்கமும் அடுத்தடுத்து வருகின்றன. சீவக சிந்தாமணியில் பதுமை, பெரியபுராணத்தில் அப்பூதியடிகளின் மகன், திருமருகல் வணிகன், பூம்பாவை ஆகிய நால்வரின் கதைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கடி நிகழும் சூழல் உலகியலைக் கூர்ந்து நோக்கிப் புனையப்பட்டது. நஞ்சு நீங்கும் முறை உலகியலைக் கடந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை நூல்களே வரைந்து காட்டுகின்றன என்பதும், அவ்வெல்லையை மறந்து இக்கதைகளை மருத்துவச் சான்றாகக் கொள்வது நூலுக்கும் மக்களுக்கும் பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: நஞ்சு நீக்கம், பதுமையார் இலம்பகம், பூம்பாவை, சேக்கிழார், படப்பை, இருளர்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில் அமைந்த ஊர் படப்பை. சங்க நூல்களில் பயின்று வரும் ‘படப்பை’ என்னும் சொல் தோட்டம், கொல்லை, மனையை ஒட்டிய விளைநிலம் எனப் பொருள்படும். இன்று ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் சாலையில் இவ்வூர் உள்ளது. ஏரிப் பாசன வயல்கள் மனைப்பிரிவுகளாகிவிட்டன. விற்கப்பட்டும் வீடு எழும்பாத மனைகளில் புதர் மண்டிக் கிடக்கிறது. தொழிற்சாலைகளில் பணிபுரிய வெளியூர்களிலிருந்து வந்தோர் வாடகை அறைகளில் தரையில் பாய் விரித்து உறங்குகின்றனர். தோட்டம் மறைந்தபோதும் பாம்பு மறையவில்லை.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இவ்வட்டத்தின் தலைமையிடமான குன்றத்தூர். கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சுரத்தின்பால் கொண்ட அன்பினால் அவர் தம் ஊரிலும் ஒரு நாகேசுவரம் எழுப்பினார் என்பது மரபு. நாகத்தின் பெயர் தாங்கிய இறைவனுக்குக் கோயில் எடுத்த புலவரின் காப்பியத்தில் நாகம் தீண்டி மாண்டோர் மூவர் மீண்டு எழுகின்றனர். அப்பகுதிகளைச் சிந்தாமணியின் பதுமையார் இலம்பகத்தோடு ஒப்பிடும் எண்ணம் இவ்வூர்ச் சூழலிலிருந்தே தோன்றியது. திருநாவுக்கரசருக்குச் சமணர் நஞ்சு கலந்த பாலடிசில் அளித்த நிகழ்ச்சி மனிதர் இட்ட நஞ்சைப் பற்றியதாதலின் இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை.

1. கடியின் களம்

நான்கு கதைகளிலும் கடி நிகழும் இடமும் வேளையும் முதலில் நோக்கத்தக்கன. பதுமை பூம்பொழிலில் மலர் கொய்யும்போது தீண்டப்படுகிறாள். பூம்பாவைக்கும் நந்தவனத்தில் பூப்பறிக்கும்போதே அது நேர்கிறது. திங்களூரில் அப்பூதியடிகளின் மூத்த மகன், திருநாவுக்கரசர் அமுது செய்வதற்கு வாழைக்குருத்து அரியத் தோட்டத்துக்குச் சென்றபோது பாம்பு அவன் கையில் தீண்டுகிறது. திருமருகலில் கோயிலருகே இரவு தங்கித் துயின்ற வணிகனை அரவு தீண்டுகிறது. மூவர் தோட்டத்தில் தீண்டப்பட்டனர், ஒருவன் உறக்கத்தில்.

இவை தற்செயலாக அமைந்தவை அல்ல. இலைச்செறிவினுள் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் கை நீட்டுவோர் கையில் கடிபடுவதும், தரையில் உறங்குவோர் இரவில் கடிபடுவதும் இன்றைய மருத்துவர்களும் நன்கு அறிந்தவை. குறிப்பாகக் கட்டுவிரியன் இரவில் உறங்குவோரைக் கடிப்பது மிகுதி. கடிவாயில் வலியும் வீக்கமும் பெரிதாகத் தோன்றாமையால் கடியுண்டதே தெரியாமல் போவதுண்டு. புலவர்கள் இக்காரணங்களை அறிந்திருந்தனர் என்று கூற வேண்டியதில்லை. பாம்பு எங்கே, எப்போது, யாரைத் தீண்டும் என்ற ஊரறிவு அவர்தம் புனைவினுள் இயல்பாகப் படிந்துள்ளது எனலாம். பொழில், வாழைத்தோட்டம், நந்தவனம் ஆகிய மூன்றும் ‘படப்பை’ என்னும் சொல்லின் பொருளெல்லைக்குள் அடங்குவனவே.

2. சிந்தாமணி: கற்கத்தக்க வித்தை

பதுமையார் இலம்பகம் சிந்தாமணியின் பதின்மூன்று இலம்பகங்களுள் ஐந்தாவது. பதுமை பல்லவ தேயத்து மன்னன் தனபதியின் மகள். அவளைத் தீண்டிய நஞ்சைச் சீவகன் மந்திரத்தால் போக்குகிறான். பின்னர் அவளையே மணக்கிறான்.

அம்மந்திரம் அவனுக்குக் கிடைத்த வழி கருதத்தக்கது. முந்தைய குணமாலையார் இலம்பகத்தில், அந்தணரால் அடிபட்டு உயிர் பிரியும் நாய் ஒன்றின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, நன்றி மறவாது, அவனுக்கு மூன்று மந்திரங்களைக் கற்பிக்கிறது. இனிய குரல் பெறுதல், நஞ்சும் நோயும் நீக்குதல், வேண்டிய உருக் கொள்ளுதல் என்பன அவற்றின் பயன்கள். சீவகனால் நாயின் உயிரைக் காக்க இயலவில்லை. அதன் மறுபிறப்பை நல்லதாக்க மட்டுமே முடிந்தது. அந்த இயலாமையின் விளைவாகவே பின்னாளில் ஓர் உயிரைக் காக்கும் ஆற்றல் அவனுக்கு வாய்க்கிறது.

இக்காப்பியத்தில் நஞ்சு நீக்கம் ஒரு வித்தை. அதை ஒருவர் கற்பிக்கலாம், மற்றொருவர் கற்கலாம், கற்றவர் எந்நாட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். மந்திரம் என்னும் அளவில் அது புனைவு. அறிவு கைமாறத்தக்கது, உரியவரிடம் பயில வேண்டியது என்னும் அளவில் அது கல்வியின் இலக்கணத்தை உடையது.

3. பெரியபுராணம்: கற்க இயலாத அருள்

சேக்கிழார் இதற்கு நேர்மாறான நிலையை மேற்கொள்கிறார். மயிலாப்பூர்ச் சிவநேசர், மகளின் நஞ்சை நீக்குவோர்க்குத் தம் பொருளை அளிப்பதாகப் பறையறைவிக்கிறார். அரசர் பக்கத்தார் உள்ளிட்ட கல்வி வல்லோர் பலர் வந்து தத்தம் முறைகளைக் கையாண்டும் பயன் விளையவில்லை. பூம்பாவை இறந்துபடுகிறாள். எரியூட்டிய பின் எஞ்சிய சாம்பலும் எலும்பும் குடத்தில் காக்கப்படுகின்றன. திருஞானசம்பந்தர் வந்து பதிகம் பாடுகையில் அவள் பன்னிரண்டு வயது நிரம்பிய பெண்ணாக எழுகிறாள். அப்பதிகமோ மயிலையின் விழாக்களைக் காணாது போவாயோ என்று அவளை வினவுவது. நஞ்சு இறங்குமாறு ஆணையிடுவது அன்று.

இங்கே இரண்டு செய்திகள் முதன்மையானவை. ஒன்று, வித்தையும் மருந்தும் தோற்றன என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை. தோல்வியை விளங்கச் சொன்ன பிறகே அருளைப் பேசுகிறார். மற்றொன்று, சாம்பலாகிய உடலுக்கு எம்மருந்தும் இல்லை. மருத்துவத்துக்கு இடமே இல்லாத எல்லைவரை கதையைக் கொண்டு சென்று நிறுத்துவதனால், நிகழ்ந்தது சிகிச்சை என்று எவரும் மயங்காதவாறு அவர் காக்கிறார்.

திங்களூர் நிகழ்ச்சியும் இவ்வாறே. கடியுண்ட சிறுவன் நஞ்சு தலைக்கேறுமுன் குருத்தைத் தாயிடம் சேர்க்க ஓடி வருகிறான், கொடுத்ததும் விழுகிறான். பெற்றோர் மருத்துவரைத் தேடவில்லை. நாவுக்கரசர் அமுது செய்வதற்கு இடையூறு நேரக்கூடாது என்று மகனின் உடலை மறைத்து வைக்கின்றனர். மகன் உயிர்பெற்று எழுந்தபோதும், அடிகளின் அமுதுக்குத் தடை நேர்ந்ததே என்றே வருந்துகின்றனர். இது தொண்டின் எல்லையைக் காட்டும் கதை. கடியுண்டவரின் வீட்டார் செய்யத்தக்கது யாது என்பதற்கு இது வழிகாட்டி எனக் கொள்வது கதையின் நோக்கத்துக்கே முரணாகும்.

4. இரு நூல்களும் எதிரெதிரே

அநபாய சோழன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்ட சேக்கிழார், அதற்கு மாற்றாகச் சிவனடியார் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று உமாபதி சிவாச்சாரியாரின் சேக்கிழார் புராணம் கூறும். இதன் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், இரு காப்பியங்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதை மரபு உணர்ந்திருந்தது என்பது தெளிவு. நஞ்சு நீக்கம் அவ்வெதிர்நிலை புலப்படும் இடங்களுள் ஒன்று. பூக்கொய்யும் கன்னியை அரவு தீண்டுதல் என்னும் நிகழ்ச்சி இரண்டிலும் உண்டு. சிந்தாமணியில் அது திருமணத்தில் முடிகிறது. பெரியபுராணத்தில் பூம்பாவையை ஏற்குமாறு சிவநேசர் வேண்ட, உயிர்ப்பித்தமையால் அவள் தமக்கு மகளாவாள் என்று சம்பந்தர் மறுக்கிறார். வித்தை கற்றவனுக்குப் பரிசு உண்டு. அருளுக்குக் கருவியானவர் பரிசு கொள்வதில்லை. ஒன்று கற்கத்தக்கது, மற்றொன்று கற்க இயலாதது என்னும் வேறுபாடே இரு முடிவுகளிலும் வெளிப்படுகிறது.

5. இறக்குதல், தீர்த்தல், முறித்தல்

நஞ்சு நீங்குதலைக் குறிக்கும் தமிழ் வினைகள் மூன்று கருத்துகளைத் தாங்குகின்றன. நஞ்சு ‘ஏறும்’ என்பதால் மந்திரிப்போர் அதை ‘இறக்குவர்’. திருமருகலிலும் திங்களூரிலும் பாடப்பெற்ற பதிகங்கள் விடம் ‘தீர்த்த’ பதிகங்கள் என வழங்கும். மருந்தோ நஞ்சை ‘முறிக்கும்’. இறக்குதல் வித்தைக்கும், தீர்த்தல் அருளுக்கும், முறித்தல் மருந்துக்கும் பெரும்பான்மை உரியன. மருத்துவமனையில் இன்று ஏற்றப்படுவது ‘விஷமுறிவு மருந்து’ எனப்படுவது இச்சொல்வழக்கோடு பொருந்துகிறது.

பேச்சு வழக்கிலும் இவ்வேறுபாடு உண்டு. இரவில் பாம்பின் பெயரைச் சொல்லலாகாது என்பதால் ‘பூச்சி’ என்பர். கடித்தது என்னாமல் ‘தொட்டுவிட்டது’ என்பர். இலக்கியத்தின் ‘தீண்டுதல்’ இதனோடு உறவுடையது. படப்பைப் பகுதியில் கட்டுரையாளர் உரையாடிய மூதாட்டி ஒருவர், தம் இளமையில் பூச்சி தொட்டவரை முதலில் மந்திரிப்பவரிடமே கொண்டு சென்றதாகக் கூறினார். அவர் சொன்னது: “பொழைச்சவங்க கதையத்தாம்மா எல்லாரும் சொல்லுவாங்க. போனவங்க கதைய யார் சொல்றது?”

நாட்டார் வழக்காற்றை ஆராய்வோர் கருத்திற்கொள்ள வேண்டிய கூற்று இது. பாம்புகளுள் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நச்சுப் பாம்பு கடித்தாலும் சில வேளைகளில் நஞ்சு உட்செல்வதில்லை. அவ்வாறு பிழைத்தவரே மந்திரத்துக்கும் விடக்கல்லுக்கும் சான்றாகின்றனர். வழக்காறு தன் வெற்றிகளை மட்டுமே சேமிக்கிறது. சேக்கிழார் தோல்வியையும் பதிவு செய்தார் என்பதன் அருமை இங்கே புலனாகும்.

6. நஞ்சிலிருந்து பெறும் முறிவு

1890களில் ஆல்பர்ட் கால்மெட் முதலியோர் கண்ட முறையே இன்றும் அடிப்படை. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குதிரையின் உடலில் செலுத்துவர். அதன் குருதியில் எதிர்ப்பொருள் உருவாகும். அதைப் பிரித்துத் தூய்மை செய்தால் முறிவு மருந்தாகும். இந்தியாவில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவாக ஒரே மருந்து தயாரிக்கப்படுகிறது.

இதற்கான நஞ்சைத் தருவதில் செங்கல்பட்டு வட்டார இருளர் பங்கு பெரிது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்தம் பழைய தொழிலை முடிவுக்குக் கொண்டுவந்தன. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சை எடுத்து, அடையாளமிட்டு, மீண்டும் காட்டில் விடுகின்றனர். பாம்பு பிடிக்கும் அறிவுக்காக வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர் இருவர் 2023இல் பத்மஶ்ரீ விருது பெற்றனர்.

இம்மருந்து சிந்தாமணியின் வித்தையோடு ஒப்புமை உடையது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றது, கைமாறத்தக்கது. ஆயினும் அதற்கு வரம்புகள் உண்டு. உடலில் பரவும் நஞ்சை அது கட்டுப்படுத்தும். நஞ்சு முன்பே விளைத்த சிதைவை முற்றாக மீட்காது. ஒரே இனப் பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் வேறுபடுவதால் மருந்தின் ஆற்றலும் வேறுபடலாம். ஆகவே காலம் தாழ்த்தாமையே அதன் முதல் விதி. சாம்பலிலிருந்து எழுப்புவது காப்பியத்துக்கு மட்டுமே இயலும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கடியுண்டோர் பற்றிய செய்தி இனி முறையாகப் பதிவாகும் என்பதே இதன் பயன். போனவர் கதையை யார் சொல்வது என்ற மூதாட்டியின் வினாவுக்கு இது ஒரு தொடக்க விடை.

முடிவுரை

நான்கு கதைகளிலும் கடி மெய்யுலகத்தது. நீக்கம் அதற்கு அப்பாற்பட்டது. தோட்டத்தில் கை வைக்குமுன் நோக்குக, தரையில் துயில்வோர் கருத்தாக இருக்க என்னும் அறிவை இக்கதைகளின் களங்களிலிருந்து பெறலாம். நஞ்சை நீக்கும் முறையை அவற்றிலிருந்து பெற இயலாது. சிந்தாமணி அதை மானிடர்க்கு எட்டாத தேவன் கற்பித்த மந்திரமாக்கியது; பெரியபுராணம் எவரும் கற்க இயலாத அருளாக்கியது. இரண்டும் இவ்வகையில் தத்தம் எல்லையை உணர்ந்த நூல்கள்.

விடந்தீர்த்த பதிகங்களைப் பாடுவது பத்தி மரபுக்கு உரியது; அதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் அவற்றை மருத்துவச் சான்றாக மேற்கோள் காட்டும் எழுத்துகளை எதிர்கொள்ளும்போது, பூம்பாவை கதையில் வல்லோர் அனைவரும் தோற்றனர் என்ற சேக்கிழாரின் வாக்குமூலத்தை நினைவூட்டுவது தமிழாய்வாளரின் கடமை. அவர் பிறந்த வட்டத்திலேயே இன்றும் புதர் மண்டிய மனைகளின் அருகே மக்கள் தரையில் உறங்குகின்றனர் என்பதால், இக்கடமை ஏட்டளவில் நின்றுவிடுவதற்கு உரியதன்று.