பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லையா? டாக்டரிடம் காட்டுவோம்



கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் பேசி முடித்த பிறகு பிள்ளைகள் பேச்சு வரும். "எம் பொண்ணு ராத்திரி ஒரு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கா, காலையில எழுப்புனா எரிஞ்சு விழுறா" என்று யாராவது சொல்வார்கள். "எல்லாம் செல்போன் பண்ற வேலை" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். செல்போனும் காரணம்தான். ஆனால் அது மட்டுமே இல்லை.

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இந்த வயதில் தூக்கம் கொஞ்சம் தாமதமாக வருவது உடம்பின் இயல்பு, சோம்பேறித்தனம் இல்லை. படுக்கும் முன் போனை வாங்கி வைப்போம். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் எழுப்புவோம். இரண்டு மூன்று வாரம் பார்த்தும் சரியாகாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டியதுதான்.

ஏனென்றால் காரணம் பல இருக்கும். இரும்புச்சத்து குறைந்தால் ராத்திரியில் கால் குடைந்து, அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் டான்சில் வீக்கமாக இருக்கலாம். பரீட்சை பயம், மனச்சோர்வு, வெளியே சொல்ல முடியாமல் யாரோ கொடுக்கும் தொந்தரவு, இவையும் தூக்கத்தைக் கெடுக்கும்.

போகும்முன் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தாள், எப்போது தூங்கினாள், எப்போது எழுந்தாள், பகலில் தூங்கி விழுந்தாளா. நமக்குத்தான் நோட்டு எழுதிப் பழக்கமாச்சே! டாக்டருக்கு அது பெரிய உதவி.

மெடிக்கல் கடையில் நாமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. "காத்து கருப்பு" என்று மந்திரித்துக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளவும் வேண்டாம். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பார்கள் சிலர். 18 வயதுக்குள் அது சட்டப்படி குற்றம், தூக்கத்துக்கு மருந்தும் இல்லை.

"வாழப் பிடிக்கல" என்று பிள்ளை சொன்னால் நோட்டுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

டாக்டரிடம் ஐந்து நிமிடம் பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள். பெண் பிள்ளையானால் கூட நர்ஸ் இருக்கட்டும். நம் முன்னால் சொல்லத் தயங்குவதை அங்கே சொல்லக்கூடும். அதுவரை நாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.